மீன் போட்ட மீதித் துணி

– இல்ல நைனா, பேண்ட்டு ஆல்ட்ரு பண்றவரு ரயில்வே கேட்டாண்ட கீறாரு. நீ தாண்டி வந்துட்ட. இது லேடீஸ் கடை. ஜாக்கெட்டு, சுடிதாரு, பாவாட, அவ்ளோதான்.

– பேண்ட்டுக்கு வரலீங்க. சபீனா அக்காவப் பாக்கலாம்னு வந்தேங்க.

– நான்தான் தம்பி சபீனா. எங்கயோ பாத்த மூஞ்சா இருக்கே. பஞ்சக்கா, அந்த ஸ்டூலு மேல கெடக்கற ஜாக்கெட்டெல்லாம் இப்பிடி எடு. உக்காரு தம்பி.

– வந்துங்க, நான் விஷ்ணு. எழிலரசியோட வீட்டுக்காரன். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் புது ஃப்ளாட்டுல இருக்கறோம்.

– எழிலு வூட்டுக்காரரா. மொதல்லயே சொல்லக் கூடாதா. வளைகாப்புக்கு ஜாக்கெட்டு நான்தான் தெச்சேன். பக்கவாட்டுல துணி உள்ள வுட்டிருக்கேன், இறுக்கமானா பிரிச்சிக்கலாம்னு சொல்லி அனுப்பினேன். எப்பிடி இருக்கா பொண்ணு? ஒழுங்கா சாப்புடுறாளா?

– நல்லாருக்கறாங்க்கா.

– கரூருக்குப் போயிட்டாளா, அம்மா வூட்டுக்கு?

– இல்லீங்க, இன்னும் போகல.

– நீ இன்னா நைனா இப்டி கீற? மூஞ்செல்லாம் தாடி, கண்ணு உள்ள பூந்துகீது. பொண்டாட்டி சாப்புடுறது இருக்கட்டும், நீ சாப்ட்டியா? டீ சொல்லட்டா?

– வேண்டாங்க. ஆபீஸ் வேலை, தூக்கமில்ல, அதான். வந்துங்க, ஒரு போட்டோ காட்டணும். இந்தத் துணி உங்களுக்கு அடையாளம் தெரியுதுங்களா?

– கண்ணாடிய எங்க வெச்சேன். இரு. குடு, பாக்கறேன்.

– இன்னா சபீனாம்மா, பாத்துகினே கீற. நானும் பாக்கறேன், இப்டி காட்டு. த பாரு, நம்ம போர்வ.

– பஞ்சக்கா, கொஞ்சம் சும்மா இரு.

– நீங்க தச்சதுங்களா இது?

– நாங்க இன்னாத்துக்கு போர்வ தெக்கிறோம்? எங்களுக்கு ஜாக்கெட்டு தெக்கவே நேரம் இல்ல. ஆவடி மார்க்கெட்டுல ரோட்டோரமா குமிச்சி வெச்சிகினு விக்கிறானுங்க பாரு, அங்க போயி கேளு.

– இப்பத்தானுங்க நம்ம போர்வன்னு சொன்னீங்க.

– நம்ம போர்வன்னா நம்ம ஊரு போர்வ.

– இந்த ஒரு கட்டத்த மட்டும் பாருங்க்கா. பெருசு பண்ணறேன். மாம்பழக் கலரு, அதுல சின்னச் சின்னதா மீனு. இந்தத் துணி ஐதராபாத்துல நான் எழிலுக்கு வாங்கினதுங்க. ஆபீஸ் வேலையாப் போனப்ப. லூசா ஒரு டாப்ஸ் தைக்க உங்ககிட்டத்தான் குடுத்தா.

– மீன் போட்ட துணி ஒலகத்துலயே ஒனக்கு மட்டும்தான் குடுத்தானா? அம்பத்தூரு ஓட்டீ மார்க்கெட்டாண்ட போ. மீனு, மயிலு, யானை அல்லாம் கீது.

– ஓரத்துல இருக்கற இந்த மீனப் பாருங்க. மத்ததெல்லாம் ஒரே பக்கம் பாத்துட்டுப் போகுது, இது மட்டும் மல்லாந்து கெடக்குது. அச்சு மாறி விழுந்திருக்குதுங்க. கடைக்காரரு வேற எடுத்துத் தரேன்னாரு. எனக்கு இதுதான் புடிச்சுது, எழில் பாத்தா சிரிப்பான்னு அப்படியே வாங்கிட்டு வந்தேன். நேத்து அவதான் இதப் பாத்துட்டு, இது நம்ம மீனுன்னு சொன்னா.

– போதும் பஞ்சக்கா, வுடு. ஆமா தம்பி. அது உங்க துணிதான்.

– டிரெயின் சத்தத்துல கேக்கலீங்க.

– சரக்கு வண்டி. அது நீளமா போவும். போவட்டும் இரு.

– போயிருச்சுங்க. என்ன சொன்னீங்க?

– உங்க துணிதான்னு சொன்னேன். நான்தான் தெச்சேன். அந்த மல்லாந்த மீனு மேல வராம பாத்துக்கங்கன்னு எழிலு சிரிச்சிகினே சொன்னா. அதனால அந்தப் பக்கத்தத் தனியா வெட்டி வெச்சேன்.

– ஒரு தபா சொன்னது அவுரு காதுல வுழல. கம்முனு இருந்திருக்கலாம். ரெண்டாந்தபா சொல்லுது பாரு.

– அப்ப மீதி இருந்துச்சுங்களா?

– இருந்துச்சு.

– பாப்பா பொறந்ததும் ஒரு சட்ட தச்சுக்கலாம், எடுத்து வெக்கலாம்னு எழில் வந்து கேட்டாளாமே. மீதி ஒண்ணும் விழலைன்னு சொன்னீங்களாம்.

– வாஸ்தவந்தான். டாப்ஸ வாங்கிகினு போயி கொஞ்ச நாளு கழிச்சி வந்து கேட்டா. அப்ப அது என் கையில இல்ல தம்பி. போர்வயா ஆயிடுச்சி. அன்னிக்குக் காலையிலதான் பெனிஷா எடுத்துகினு போனா. இந்த மாதிரி பண்ணிட்டேம்மான்னு சொல்லியிருக்கணும். ஆனா இல்லம்மான்னுட்டேன். சரிங்க்கான்னு அவ போயிட்டா. சண்டையாவது போட்டிருக்கலாம். சரின்னுட்டுப் போனதுதான் எனக்கு இன்னா மாதிரியோ ஆயிடுச்சி. அதுக்கப்புறம் நான் வெட்டின ஜாக்கெட்டுல கையி கோணலாப் போயி, பிரிச்சித் திரும்பத் தெச்சேன்.

– பெனிஷாங்கறது யாருங்க?

– நீ இன்னா போலீஸா? ஒவ்வொருத்தரா பேரு கேட்டுகினு கீற.

– அவுங்க துணி பஞ்சக்கா, கேக்கட்டும். பெனிஷா எங்க தெருப் பொண்ணு தம்பி. நர்ஸு. டவுனுல பெரியாஸ்பத்திரியில, பச்சப் புள்ளைங்க வார்டுல வேல. கடையில வுழற துண்டுத் துணியில குட்டிக் குட்டியா போர்வ தெச்சி அவகிட்ட குடுப்போம். அவ டிரெயினுல எடுத்துகினு போயி அங்க இருக்கற புள்ளைங்களுக்குப் போத்துவா.

– காசுக்குங்களா?

– த பாரு, காசு வாங்கினா இந்தக் கடை இப்டியா கீயும்? அண்ணாந்து பாரு, தகரம். மழ வந்தா மிஷினு மேல கோணிய போத்திட்டு நாங்க ரெண்டு பேரும் ஓரமா நனைஞ்சிகினு நிப்போம். சும்மாதான் குடுக்கறோம். துணி உன்து, நூலு எங்களுது, அவ்ளோதான் கணக்கு.

– இந்தப் போட்டோவ நீ எங்க எடுத்த தம்பி?

– அந்த ஆஸ்பத்திரியிலதாங்க்கா. வேண்டியவங்களுக்குக் கொழந்த பொறந்திருக்குது. உள்ள இருந்து எடுத்து அனுப்பினாங்க. மொகம் தெரிய வேண்டாம், துணிய மட்டும் எடுன்னு சொன்னேன்.

– இன்னா கொழந்த?

– பொண்ணுங்க.

– நல்லா கீதா?

– இப்ப பரவால்லீங்க. நாள் ஆகறதுக்குள்ள பொறந்துருச்சு. மொதல்ல தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் போனது. இவ்வளவு சின்னக் கொழந்தைய வெச்சுப் பாக்க இங்க எடம் இல்லைன்னு சொல்லி, அவங்களே ஆம்புலன்ஸ் வெச்சு பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க. நானும் கூடப் போனேன். கண்ணாடிப் பொட்டியில வெச்சிருந்தாங்க. இப்ப பொட்டியிலிருந்து எடுத்து அம்மாகிட்டயே குடுத்துட்டாங்க. நெஞ்சு மேல படுக்க வெச்சு, மேல இந்தப் போர்வையப் போத்தி விட்டிருக்காங்க.

– அல்லா காப்பாத்துவான். பெரிய கண்டம் தாண்டியிருக்கு.

– ஆமாங்க்கா.

– தம்பி, நான் ஒண்ணு சொல்லட்டா? நீ எதுக்கு வந்திருக்கன்னு எனக்குப் புரியுது. நாலு பேருகிட்ட சொல்றது உன் இஷ்டம், நான் தடுக்கக் கூடாது. ஆனா இந்தக் கடையில பாதி வேல உங்க ஃப்ளாட்டு வேல. உங்க பொம்பளைங்க வாட்ஸப்பு குரூப்புல ஒரு வார்த்த வுழுந்துச்சின்னா அவ்ளோதான்.

– வரலட்சுமிக்கு இன்னா ஆச்சி தெரியுமா உனக்கு? கேட்டுக்கு இந்தாண்ட கடை வெச்சிருந்தா, நல்ல தையல்காரி. எவளோ ஒருத்தி பொடவையில அயர்ன் பாக்ஸு சுட்டுடுச்சின்னு போட்டோ புடிச்சி குரூப்புல போட்டா. சுட்டது இவ இல்ல, அவ ஊட்டுலயே சுட்டுது. அத்த யாரு கேட்டா? இப்ப திருநின்றவூருல அவங்க அண்ணன் ஊட்டு மாடியில உக்காந்துகினு பாவாட தெக்கிறா.

– நான் குரூப்புல போடறதுக்கு வரலீங்க. எழில் கேட்டுட்டு வரச் சொன்னா, அதான் வந்தேன்.

– இன்னா கேட்டுட்டு வரச் சொன்னா?

– இத யாரு தச்சாங்க, எப்படித் தச்சாங்க, உள்ள என்ன வெச்சிருக்குதுன்னு.

– யாரு கை பட்டுதுன்னு தெரிஞ்சிக்கணுமா? என் கை பட்டுச்சி, சபீனாம்மா கை பட்டுச்சி. போயி சொல்லு.

– அப்படிக் கேக்கலீங்க. எழிலும் அப்படி நெனைக்கறவ இல்ல.

– அப்பால எப்டி கேக்குற? கொயந்த எவளுதோ, போர்வ எங்களுது. துணி உன்துன்னு தெரிஞ்சிபோச்சி. அதுக்கு மேல உள்ள இன்னா கீதுன்னு உனக்கு எதுக்கு?

– தெரிஞ்சா கொஞ்சம் நிம்மதியா இருக்குங்க. தொவைச்சுட்டுத்தானுங்களே தைக்கறீங்க?

– வுடு பஞ்சக்கா, அவுங்க துணி எங்க போயி எப்பிடி ஆச்சின்னு பொண்ணுக்குத் தெரியணும்னு இருக்காதா? சொல்றேன் தம்பி. முன்னாடியும் தொவைப்போம், தெச்சி முடிச்சப்புறமும் தொவைப்போம். கொதிக்கற தண்ணியில முக்கி எடுக்கணும். வாசன சோப்பு ஆவாது. அப்புறம் மாடிக் கொடியில ரெண்டு பக்கமும் வெயில் படற மாதிரி திருப்பிப் போடணும். கீழ வுழுந்தா மறுபடியும் மொதல்லேர்ந்து.

– காக்கா ஒண்ணு கீது நைனா. கரெக்டா நம்ம கொடியிலதான் வந்து குந்தும். அத்த தொரத்தறதுக்குன்னே நான் ஒரு சேரு போட்டுகினு மாடியில உக்காந்துருப்பேன்.

– உள்ள என்னங்க வெக்கறீங்க? பஞ்சா?

– பஞ்சு கூடாது. புள்ளைக்கு சூடு தாங்காதுன்னு பெனிஷா சொல்லியிருக்கா. பழைய வேட்டி. கட்டிக் கட்டி நல்லா நஞ்சி போயி, வெண்ண மாதிரி இருக்கணும். எங்க வூட்டுக்காரரு வேட்டியெல்லாம் தீந்துபோச்சி. இப்ப பஞ்சக்கா தம்பி வேட்டி.

– அவன் பொங்கலுக்கு எடுத்த புது வேட்டிய தெனமும் நானே தொவைக்கறேன். இன்னாக்கா என் மேல திடீர்னு இவ்ளோ பாசம்ன்றான். சீக்கிரம் நஞ்சி போவட்டும்னு தொவைக்கறேன்னு அவன்கிட்ட சொல்ல முடியுமா?

– இந்தா தம்பி, இப்ப தெச்சிகினு இருக்கறது ஒண்ணு. கையில வாங்கிப் பாரு. ஓரத்துத் தையலெல்லாம் உள்ள மடிஞ்சிடும், வெளிய உறுத்தாது. நூலு முடிச்சி ஒண்ணுகூட மேல வராது. விரலுக்கு நடுவுல மாட்டற மாதிரி பிசிறு இருக்கக் கூடாது. அதுக்குன்னு கடைசியா பஞ்சக்கா ஒருவாட்டி தடவிப் பாப்பா. அவ கண்ணு கொஞ்சம் மங்கல், ஆனா வெரலு பொய் சொல்லாது.

– ரொம்ப லேசா இருக்குதுங்க.

– இன்னா நைனா, கன்னத்துல வெச்சிப் பாக்குற?

– சும்மாங்க. எப்படி இருக்குதுன்னு பாத்தேன்.

– நல்லா பாரு. ஆனா அத்த மறுபடியும் தொவைக்கணும், உன் தாடி பட்டுடுச்சி.

– மன்னிச்சுக்கங்க.

– சிரிச்சிட்ட. அப்பாடா. வந்ததுலேர்ந்து உன் மூஞ்சில இப்பதான் சிரிப்பு பாக்குறேன். டீ சொல்றேன், குடிச்சிட்டுதான் போவணும்.

– சரிங்க, சொல்லுங்க. இத எப்படிங்க ஆரம்பிச்சீங்க?

– பஞ்சக்கா தம்பி பொண்டாட்டிக்குப் பிரசவம். நல்ல மழ, தெருவெல்லாம் தண்ணி. ஆட்டோ வராதுன்னுட்டான். நான் கடைய மூடிட்டு அவங்ககூட போனேன். முட்டி தண்ணியில பைய தலமேல தூக்கிகினு டேஷன் வரைக்கும் நடந்தோம். பெரியாஸ்பத்திரிக்குப் போயி பாத்தா பை மொத்தமும் நனைஞ்சிபோச்சி. புள்ள பொறந்து நர்ஸு வெளிய வந்து துணி கேக்குறா, குடுக்க ஒரு முழம் காஞ்ச துணி இல்ல.

– நான் என் பொடவ முந்தானிய கிழிக்கலாம்னு பாத்தா அதுவும் சொட்டச் சொட்ட கீது. மூணு பேரும் கோழி மாதிரி நனைஞ்சி நின்னுகினு கீறோம்.

– என் கைப்பையில ஒரு லைனிங்கு துணி இருந்துச்சி. யாரோ ஜாக்கெட்டுக்கு வெட்டினது போக மீந்தது. ஜிப்பு போட்ட பை, அதனால அது மட்டும் நனையல. அத்த குடுத்தேன். அந்த நர்ஸுதான் பெனிஷா. எங்க தெருப் பொண்ணுன்னு அன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. புள்ளைய அதுல சுத்தி எடுத்துகினு வந்து காட்டினா. இளம்பச்சைக் கலரு. உள்ளேர்ந்து சேப்பா ஒரு மூக்கு மட்டும் எட்டிப் பாக்குது. எத்தினி கல்யாண ஜாக்கெட்டு தெச்சிருப்பேன், எத்தினி ஆரி ஒர்க்கு பண்ணியிருப்பேன். நான் குடுத்த துணி ஒருத்தருக்கு அவ்ளோ பொருந்தி நான் பாத்ததில்ல தம்பி.

– ரெண்டு பேரும் அங்கியே நின்னு அழுதோம். என் தம்பி பயந்துட்டான், இன்னாவோ ஆயிடுச்சின்னு.

– தெனமும் இந்த மாதிரி கட்டின துணியோட ஓடி வர்றவங்க நெறய பேரு அக்கான்னு பெனிஷா சொன்னா. அப்புறம் நான் கடைக்கு வந்து உக்காந்தா, மிஷினுக்குக் கீழ ஒரு கோணி நெறய துண்டுத் துணி. எல்லாம் தலையணைக்குள்ள அடைக்கறதுக்கு வெச்சிருந்தது. அன்னிக்கு ஆரம்பிச்சது.

– மொத தபா தெச்சத சொல்லு.

– நீயே சொல்லு, நீதானே பண்ணின.

– ஜரிகைத் துண்டா பொறுக்கியெடுத்து, சுத்தி லேசு வெச்சி, நாலு மூலையிலயும் சலங்க கட்டி தெச்சேன் நைனா. ராஜா ஊட்டு புள்ளைக்குத் தெச்சா மாதிரி. புள்ள அசைஞ்சா ஜல் ஜல்லுன்னு கேக்கட்டும்னு. பெனிஷா அத்த எடுத்து இப்டி புடிச்சிப் பாத்துட்டு, கத்திரிக்கோல் குடுங்கன்னுச்சி. என் கண்ணு முன்னாலயே அல்லாத்தயும் கட் பண்ணி கையில குடுத்துடுச்சி. சலங்கைய வாயில போட்டா இன்னா பண்ணுவீங்க, ஜரிகை கீறினா இன்னா பண்ணுவீங்கன்னு ஒரே கேள்வி. நான் அதுங்கூட ஒரு வாரம் பேசல.

– அப்புறம் பருத்தித் துணி மட்டுந்தான். உங்க மீன் துணி நல்ல பருத்தி. அத்த வெட்டறப்பவே கத்திரி வழுக்கிகினு போச்சி. மீதி வுழுந்ததும் எனக்கு வேற யோசனையே வரல. இது போர்வைக்குன்னு கையி தானா எடுத்து வெச்சிடுச்சி.

– எழில்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தீங்கன்னா சந்தோசமா குடுத்திருப்பாங்க்கா.

– அவ குடுத்திருப்பா. எல்லாரும் குடுப்பாங்களா? ஆரம்பத்துல கேட்டேன் தம்பி. எனக்கு நல்லா பழக்கமானவங்க ஒருத்தங்ககிட்ட, இந்த மாதிரி புள்ளைங்களுக்குப் போர்வ தெக்கறேன், இந்தத் துண்ட எடுத்துக்கட்டான்னு கேட்டேன். அவங்க மூஞ்சே மாறிப்போச்சி. என் ஒடம்புல போடற துணி, எவ புள்ள மேலயோ போத்தினா எனக்கு ஆவாது, குடுத்துடுன்னுட்டாங்க. அந்தத் துண்ட வாங்கிகினு போயி இன்னா பண்ணாங்க தெரியுமா?

– கார் தொடைக்கறாங்க. நான் கண்ணால பாத்தேன்.

– அதுலேர்ந்து யார்கிட்டயும் கேக்கறத வுட்டுட்டேன். கேட்டா இல்லன்னுடுவாங்களோன்னு பயம். கேக்காம எடுத்தா அதுக்குப் பேரு இன்னான்னு எனக்கும் தெரியும். நாலு பேருக்கு நல்லது பண்றோம்னு நானே எனக்கு சொல்லிக்குவேன். ஆனா எழிலு வயித்துல புள்ளைய வெச்சிகினு வந்து, என் புள்ளைக்கு இருக்குதான்னு கேட்டப்ப அந்தச் சமாதானம் செல்லல. ஒரு தாய்கிட்டேர்ந்து எடுத்து இன்னொரு தாய்க்குக் குடுத்தா அது இன்னா தருமம்? தப்பு தப்புதான் தம்பி. நீ கேக்க வந்தது நல்லதாப் போச்சி. மனசுல வெச்சிகினே இருந்தேன்.

– அப்டியெல்லாம் பேசாத சபீனாம்மா. நீ எத்த எடுத்த? ஆளுக்கு அரை முழம். பீரோவுல மக்கிப் போற துணி.

– மக்கிப் போனாலும் அவங்க துணி பஞ்சக்கா. நான் இனிமே கேட்டுட்டுதான் எடுக்கப் போறேன். குடுக்கறவங்க குடுக்கட்டும், கார் தொடைக்கறவங்க தொடைச்சிக்கட்டும். வாசல்ல எழுதியே போட்டுடறேன்.

– போர்வ கொறைஞ்சிடும்.

– கொறைஞ்சா கொறையட்டும். சொல்லிட்டுத் தெச்சா எனக்குத் தூக்கமாவது வரும்.

– எங்க ஃப்ளாட்டுல நான் கேட்டுப் பாக்கறேங்க்கா. குரூப்புல போடறேன். கம்ப்ளெயிண்ட்டா இல்லீங்க. பருத்தித் துண்டு, பழைய வேட்டி இருந்தா குடுங்கன்னு. எங்க பிளாக்குலயே எத்தன பேரு வீட்டுல சும்மா கெடக்கும்.

– நெசமாவா சொல்ற?

– நெசமாத்தாங்க. எங்கப்பா வேட்டி ஒரு கட்டு ஊருல இருக்குது. அதெல்லாம் கரூர்ல தறிக்காரங்ககிட்ட வாங்கின வேட்டி, நல்லா நஞ்சிருக்கும். கொண்டுவரச் சொல்றேன்.

– இன்னா சபீனாம்மா இது, திட்ட வந்த ஆளு வேட்டி தரேன்றாரு. டீ வந்துடுச்சி, குடி நைனா. சக்கர ஜாஸ்தியா போடச் சொன்னேன்.

– அக்கா, அந்த மீன் துணியில இன்னும் கொஞ்சமாச்சும் மீதி இருக்குதுங்களா?

– இருக்கு தம்பி. கோணலா ஒரு துண்டு, எழிலு கேட்டுட்டுப் போனப்புறம் கோணியில தேடினப்ப கெடச்சிது. எதுலயும் சேக்க மனசு வரல, தனியா எடுத்து வெச்சேன். பஞ்சக்கா, அந்த மேல் தட்டுல நீலக் கவரு இருக்கு பாரு. அதுதான். இந்தா, எடுத்துகினு போ. எழிலுகிட்ட குடுத்துடு. சபீனாக்கா உன்கிட்ட பொய் சொல்லிட்டா, மன்னிச்சிக்கோன்னு சொல்லு. இல்ல, நீ சொல்லாத. நானே ஒருநாளு வூட்டுக்கு வந்து சொல்றேன்.

– எடுத்துட்டுப் போறதுக்குக் கேக்கலீங்க. இத நடுவுல வெச்சு அதே மாதிரி இன்னொரு போர்வ தச்சுக் குடுப்பீங்களா? ஒண்ணத் தொவைக்கப் போட்டா மாத்தறதுக்கு இன்னொண்ணு வேணும்னு எழில் சொல்லி அனுப்பினா. நீங்களே தைக்கணுமாம். அதக் கேட்டுட்டு வரத்தான் அனுப்பினா.

– மாத்தறதுக்கா? இன்னா நைனா சொல்ற, யாருக்கு மாத்தறதுக்கு?

– எழிலுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கே தம்பி. புள்ள வெளிய வர்றதுக்கு முன்னாடி அதுக்குன்னு துணி தெச்சி வெக்கறது எங்கள்லயும் கெடையாது, உங்கள்லயும் கெடையாது. அவசரப்படாத. நல்லபடியா பொறக்கட்டும், நானே தெச்சி எடுத்துகினு வர்றேன்.

– பொறந்துட்டாளுங்க்கா. நீங்க தச்ச போர்வைக்குள்ளதான் தூங்கிட்டு இருக்கறா.